லிட்டரா, கிலோவா? எண்ணெய் வாங்கும்போது எந்த அளவைப் பார்ப்பது

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா கடையில் நின்றபடியே போன் செய்தாள். "டேய், கடலெண்ணெய் ஒரு கவர் லிட்டர் 270 ரூபா. பக்கத்துலயே இன்னொண்ணு கிலோ 290. கம்மியா இருக்கறதத்தானே எடுக்கணும்?"

இருபது ரூபாய் குறைவாக இருப்பதை எடுப்பதற்கு யாரும் தம்பியிடம் யோசனை கேட்பதில்லை. ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கே பட்டிருக்கிறது. இடித்தது சரிதான். அந்த 270 ரூபாய் எண்ணெய்தான் விலை அதிகம். அதைக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 297 ரூபாய் வருகிறது. 290 ரூபாய் கவரை எடுக்கச் சொன்னேன். "எப்படிடா?" என்று கேட்டாள். பின்னால் பில் போடும் வரிசை நகர்ந்துகொண்டிருந்ததால் அப்போது சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு அலமாரி முன் நிற்பவர்கள் வேறு பலரும் உண்டு.

கலப்பு அளவுகள் நமக்குப் புதிதல்ல. தங்கத்தைச் சவரனில் பேசுகிறோம், பில் கிராமில் வருகிறது. பிளைவுட்டின் நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். கார் டயரில் 185/65 ஆர்15 என்று இருந்தால் 185 என்பது மில்லிமீட்டர், 15 என்பது அங்குலம். இரண்டும் ஒரே வரியில். பூ இன்னும் முழம்தான், அதுவும் யாருடைய முழம் என்பது பூக்காரம்மாவின் கையைப் பொறுத்தது. ஆனால் இவற்றிலெல்லாம் எல்லாக் கடையிலும் ஒரே பழக்கம் என்பதால் ஒப்பிடுவதில் சிக்கல் வருவதில்லை. எண்ணெயில் நிலைமை வேறு. ஒரே பொருள், ஒரே அலமாரி, ஒன்றில் மி.லி., இன்னொன்றில் கிராம், மூன்றாவதில் இரண்டும்.

## எதையெல்லாம் பார்த்து ஒப்பிட வேண்டும்

முதலாவது, ஒரே அலகுக்கு மாற்றிய விலை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது; அதனால்தான் ரசத்தின் மேல் மிதக்கிறது. கடலெண்ணெய், சூரியகாந்தி, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே நம் ஊர் வெயிலில் லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம். ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கலாம், கடையில் நின்று போடும் கணக்குக்கு அது பொருட்டல்ல. (விளக்கெண்ணெய் மட்டும் கொஞ்சம் கனம், லிட்டர் 960 கிராம் வரை வரும்.) இதை மனக்கணக்காக்கினால் ஒரே வரிதான்: லிட்டர் விலையோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் கிலோ விலை. 270-உம் 27-உம் 297. அவ்வளவுதான்.

இரண்டாவது, வீட்டில் சரிபார்க்க முடியுமா என்பது. எடையை யாரும் பார்த்துவிடலாம். சமையலறைத் தராசு இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஒரு லிட்டரை அளந்து பார்க்க, கோடு போட்ட நல்ல குவளை வேண்டும். கவரைப் பிரித்து ஊற்ற வேண்டும், கவரின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை வழித்தெடுக்க வேண்டும். யார் செய்வார்?

மூன்றாவது, சூடு. எண்ணெய் சூட்டில் விரியும், எடை மாறாது. இதை ஏதோ பௌதிகப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில நிறுவனங்கள் 60 டிகிரி சூட்டில் இத்தனை மில்லி என்ற கணக்கில் லேபிள் அடித்துக்கொண்டிருந்தன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2022 ஆகஸ்ட்டில் கணக்குச் சொன்னது: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். ஒரு லிட்டருக்கு 26 கிராம் காற்றில் போகிறது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போட வேண்டும், கூடவே எடையையும் போட வேண்டும் என்று சொல்லி, லேபிளை மாற்ற 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் கொடுத்தார்கள். இன்று பல லிட்டர் கவர்களில் '1 லி. / 910 கி.' என்று சேர்த்துப் பார்க்கிறோம் அல்லவா, அந்த எடை எண்ணைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வாங்கிய பிறகு வரும் செலவு. காறிப்போவது, கொட்டுவது, பாத்திரம் தேடுவது, தூக்கி வரும் ஆட்டோ. இது லேபிளில் இருக்காது.

## ஒரு லிட்டர் கவர்

பெரும்பாலான வீடுகளில் இதுதான் பழக்கம். இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது: சமையலில் நாம் அளப்பது கரண்டியில், அதாவது கொள்ளளவில். 'மாசத்துக்கு மூணு லிட்டர்' என்று வீட்டுக்கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கைக் கிலோவுக்கு மாற்றச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

ஒரு லிட்டர் கவரோடு இன்னொரு ஒரு லிட்டர் கவரை ஒப்பிடுவதாக இருந்தால் லிட்டரே போதும், தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், லிட்டர் கவர் மாதிரியே இருக்கும் கவர்களில். சமையல் எண்ணெயை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021-இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியபோது அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 850 கிராம் கவரும் வந்தது. அதே உயரம், அதே படம். 850 கிராம் என்றால் 934 மி.லி. அலமாரியில் இருக்கும் லிட்டர் கவருக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவர் கையால் ஒரு காபி குடிக்க ஆசை.

அந்தப் பட்டியலுக்குப் பதிலாக அதே திருத்தத்தில் வந்ததுதான் அலகு விலை. எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் 'யு.எஸ்.பி.' என்று அச்சடித்திருக்கும் (பென் டிரைவ் சமாசாரம் இல்லை, ஒரு அலகுக்கு என்ன விலை என்பது). நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் இரண்டு ஓட்டை.

முதல் ஓட்டை: கிலோவுக்கு மேல் உள்ள பொட்டலத்தில் கிலோ விலை, கிலோவுக்குக் கீழ் உள்ளதில் கிராம் விலை. லிட்டருக்கும் மில்லிக்கும் அதே விதி. ஆக 5 லிட்டர் கேனில் லிட்டருக்கு, 850 கிராம் கவரில் கிராமுக்கு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் பழையபடி நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது ஓட்டைதான் எனக்கு எரிச்சல். அந்த விலையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குகிறார்கள். கிலோவில் பைசாக் கணக்கு சரி. கிராமில்? ஒரு கிராமுக்கு ஒரு பைசா என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். 850 கிராம் கவர் ஒன்று 158 ரூபாய், இன்னொன்று 165 ரூபாய் என்று வையுங்கள். முதலாவது கிராமுக்கு 0.1859, இரண்டாவது 0.1941. இரண்டிலும் அச்சாவது 0.19. ஏழு ரூபாய் வித்தியாசம் கண்ணுக்கு முன்னாலேயே மறைந்துவிடுகிறது, யாரும் பொய் சொல்லாமலே. அதனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் அந்தப் பொடி எண்ணை நம்பாதீர்கள், எம்.ஆர்.பி.யை எடையால் வகுப்பதே வழி.

லிட்டர் கவர் யாருக்கு? சின்னக் குடும்பம், வாரத்துக்கு ஒரு கவர், கடை பக்கத்தில். காறிப்போக நேரமே இருக்காது. அளவுப் பிழையும் சிறியது: 500-லிருந்து 1000 வரையுள்ள பொட்டலத்தில் தனி ஒரு கவர் 15 கிராமோ 15 மில்லியோ குறையலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது, ஆனால் மொத்தமாக எடுத்துப் பார்த்தால் சராசரி குறையக் கூடாது. ஆகவே உங்கள் வீட்டு ஒற்றைக் கவர் 900 கிராம் காட்டினால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். தொடர்ந்து நாலைந்து கவர் அப்படிக் காட்டினால் போகலாம்.

## கிலோ கணக்கில் விற்பது

இதற்கு நான் கட்சிக்காரன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை ஏமாற்றுவது கடினம். குளிர்காலத்தில் ஊட்டியில் வாங்கினாலும் சித்திரையில் வேலூரில் வாங்கினாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். தேங்காய் எண்ணெய்க்கு இது இன்னும் பொருந்தும். 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், பாட்டிலில் மட்டம் இறங்கிப் பாதி காணோம் போலத் தெரியும். எடை பார்த்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

சரிபார்ப்பதும் எளிது. முழுக் கவரை வைத்து, பிறகு காலிக் கவரை வைத்துக் கழித்தால் முடிந்தது. தராசே சரியா என்று சந்தேகமா? அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், 515 கிராமும் கவரின் எடை நாலைந்து கிராமும் காட்ட வேண்டும். 480 காட்டினால் தராசில் பேட்டரி மாற்றுங்கள்.

மறைமுகச் செலவு என்ன? சமையல் குறிப்பும் வீட்டுக்கணக்கும் லிட்டரில் இருப்பதால் ஒரு கிலோ என்பது 1.1 லிட்டர் என்று மனம் பழக வேண்டும். பழகும் வரை மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அதை நான் செலவு என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு சங்கதி, சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் கட்டுப்பாடு போட்டவர்களுக்கு. கவரின் முன்பக்கம் மி.லி. இருந்தாலும் பின்பக்கம் சத்து அட்டவணை பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான் இருக்கும்: எண்ணெய் என்றால் 900 கிலோ கலோரி. அதை 100 மி.லி. என்று நினைத்துக் கணக்குப் போட்டால் தப்பு, 100 மி.லி.க்குச் சுமார் 820தான். 15 மி.லி. கரண்டி ஒன்று 13.6 கிராம், சுமார் 123 கலோரி. கிலோவில் வாங்கிக் கிராமில் எண்ணுபவருக்கு இந்த மாற்றல் வேலை மிச்சம்.

## பதினைந்து டின்

இங்கேதான் எங்கள் வீட்டில் அடி வாங்கினோம். அக்கா மகளுக்குக் காதுகுத்து. சமையல் மாஸ்டர் கொடுத்த சீட்டில் 'எண்ணெய் 15 டின் 2' என்று இருந்தது. அவர் மனதில் இருந்தது 15 கிலோ டின். நான் போன மளிகைக் கடையில் இருந்தது 15 லிட்டர் டின். அதே சதுரத் தகரம், அதே கைப்பிடி. விலையும் கொஞ்சம் குறைவாக இருந்தது, பெருமையோடு இறக்கினேன்.

15 கிலோ என்றால் பதினாறரை லிட்டர். 15 லிட்டர் என்றால் 13 கிலோ 650 கிராம். டின்னுக்கு 1.35 கிலோ வித்தியாசம், இரண்டு டின்னுக்கு 2.7 கிலோ. விசேஷத்தன்று காலை பத்தரை மணிக்கு, வடை பாதி வெந்திருக்கும்போது, மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பக்கத்துக் கடையில் ஓடிப்போய் மூன்று லிட்டர் கவர் வாங்கி வந்தேன். குறைவான விலைக்கு வாங்கிய பெருமை அங்கேயே போனது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, டின்னில் லிட்டர் என்று தெளிவாகவே இருந்தது. சீட்டில் அலகு இல்லை, நானும் கேட்கவில்லை.

டின் வாங்குவதென்றால் அலகைச் சொல்லிக் கேளுங்கள். 'பதினஞ்சு டின் என்ன விலை' என்று கேட்டால் எதற்கு விலை சொல்கிறார் என்று தெரியாது. கிலோ 290 என்ற கணக்கில் 1.35 கிலோ என்பது 391 ரூபாய். ஆக லிட்டர் டின் கிலோ டின்னைவிட 391 ரூபாய்க்கு மேல் குறைந்தால்தான் அது மலிவு.

டின்னில் மறைமுகச் செலவு அதிகம். ஒருமுறை திறந்தால் காற்றுப் படும், மூன்று பேர் இருக்கும் வீட்டில் நாலைந்து மாதம் ஓடும். கடைசி இரண்டு லிட்டர் காறல் வாடை அடிக்கும். காறியதைக் கொட்டினால் மிச்சம் பிடித்தது எல்லாம் சாக்கடையில். கூட்டுக் குடும்பம், மெஸ், பலகாரம் போட்டு விற்பவர்கள், தீபாவளிக்கு முந்தைய மாதம்: இவர்களுக்கு டின் சரி. மற்றவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது தராசில் பிரியுங்கள், சொம்பில் வேண்டாம். அப்புறம் சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் வரும்.

## செக்கில் வாங்குவது

எண்ணெயில் கொள்ளளவும் எடையும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒன்று, அப்போதுதான் ஆட்டிய எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும், நுரையும் இருக்கும். பத்து டிகிரி சூட்டுக்கு எண்ணெய் சுமார் 0.7 சதவீதம் விரியும். பெரிய தொகை இல்லை. நுரைதான் பெரிது. நுரை அடங்குவதற்குள் லிட்டர் அளவில் பிடித்தால் மேல்பாகம் வெறும் காற்று. கிலோவில் போட்டால் இந்தத் தகராறே இல்லை.

ஆனால் கிலோவிலும் ஒரு பள்ளம்: மண்டி. தெளியாத எண்ணெயில் அடியில் படியும் கசடுக்கும் எடை உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் காசு. இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்த எண்ணெயாகக் கேளுங்கள். கேனின் எடையைக் கழித்தார்களா என்றும் கண் வையுங்கள். காலி கேனை வைத்ததும் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் ஊற்ற வேண்டும். கடைத் தராசில் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்க வேண்டும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். நாம் நம் கடலையைக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து ஆட்டிக்கொள்வது வேறு. கடையில் வாங்குவதானால், லேபிள் ஒட்டி அளவும் தேதியும் போட்டு விற்கும் செக்குக்காரரிடம் வாங்குங்கள். அப்போதுதான் குறை சொல்லவும் ஒரு பிடி இருக்கும்.

எங்கள் ஆத்தா காலத்தில் செக்கடியில் ஆழாக்கு, உழக்கு, படி என்றுதான் அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. வெல்லமும் புளியும் வீசையில், எண்ணெய் ஆழாக்கில். எது எடை, எது அளவு என்பதில் அந்தக் காலத்தில் குழப்பமே இருந்ததில்லை என்பார் அவர். மெட்ரிக் அளவு வந்தபோது படி போனது, ஆனால் 'எண்ணெயை ஊற்றி அளப்பது' என்ற பழக்கம் போகவில்லை. லிட்டர் மேல் நமக்கு இருக்கும் பாசம் அந்த ஆழாக்கிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றும்.

## ஒரே பார்வையில்

கீழே உள்ள விலைகள் அக்கா சொன்ன கடலெண்ணெய் விலையை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

| | லிட்டர் கவர் | கிலோ கவர் | 850 கிராம் கவர் | 15 லிட்டர் டின் | 15 கிலோ டின் |
|---|---|---|---|---|---|
| உள்ளே இருக்கும் எடை | 910 கிராம் | 1000 கிராம் | 850 கிராம் | 13.65 கிலோ | 15 கிலோ |
| உள்ளே இருக்கும் கொள்ளளவு | 1 லி. | 1.1 லி. | 0.93 லி. | 15 லி. | 16.5 லி. |
| கிலோ 290-க்குச் சமமான விலை | 264 ரூ. | 290 ரூ. | 246.50 ரூ. | 3,959 ரூ. | 4,350 ரூ. |
| வீட்டில் சரிபார்ப்பு | எடை போட்டு 910-ஐப் பார்க்கலாம் | மிக எளிது | எளிது | கஷ்டம் | பெரிய தராசு வேண்டும் |
| எதில் கவனம் | எடை எண் இருக்கிறதா | பெரிதாக ஒன்றுமில்லை | லிட்டர் கவர் போலத் தோன்றும் | அலகு, காறல் | காறல், தூக்குக்கூலி |

மூன்றாவது வரிசைதான் முக்கியம். லிட்டர் கவர் 264-க்குக் கீழே கிடைத்தால் தாராளமாக லிட்டரை எடுங்கள். நான் கிலோ கட்சி என்பதற்காகக் காசை விட வேண்டியதில்லை. விழாக்காலத் தள்ளுபடி பெரும்பாலும் லிட்டர் கவருக்குத்தான் போடுகிறார்கள், அப்போது அது ஜெயித்துவிடும்.

## எண்ணெய் தாண்டி

நெய்க்கும் இதே 0.91 கணக்கு. 500 மி.லி. ஜாடியில் 455 கிராம்தான் இருக்கும். 500 மி.லி. 350 ரூபாய், 500 கிராம் 370 ரூபாய் என்றால் ஜாடியின் உண்மை விலை அரைக் கிலோவுக்கு 385. நெய் விலைக்கு இந்த வித்தியாசம் எண்ணெயைவிட வலிக்கும்.

ஐஸ்கிரீமில் லிட்டர் என்பதில் பாதி வரைகூடக் காற்று இருக்கலாம். கடையும்போது காற்றடிப்பது அதன் செய்முறையிலேயே இருக்கிறது, தப்பில்லை. ஆனால் எவ்வளவு காற்று என்பதில்தான் கம்பெனிகளுக்குள் வித்தியாசம். ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராமாவது இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. 700 மி.லி. டப்பா இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதில் சரக்கு அதிகம்.

இட்லி மாவைக் கொள்ளளவில் வாங்கவே வேண்டாம். புளித்துப் பொங்கினால் அதே மாவு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். தெருமுனைக் கடையில் கிண்ணத்தால் அள்ளிப் போடுவார்கள், காலையில் வாங்குபவருக்கும் சாயங்காலம் வாங்குபவருக்கும் ஒரே கிண்ணத்தில் ஒரே மாவு கிடைக்காது. கிலோ பாக்கெட் என்றால் கவலையில்லை.

பால், தயிருக்கு லிட்டரும் கிலோவும் மூன்று சதவீதம்தான் விலகும். அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

அரிசிக்கு லிட்டர் தொல்லை இல்லை, ஆனால் 26 கிலோ மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அடுத்து மூட்டை ஒரு கிலோ வளர்ந்துவிட்டது. பழைய 25 கிலோ விலையோடு ஒப்பிடும்போது 26-ஆல் வகுக்க மறக்க வேண்டாம்.

அளவு குறைந்தால் எங்கே சொல்வது என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் எடையளவு விஷயங்களைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கவரைப் பிரிக்காமல், எடையைப் படம் எடுத்து, பில்லோடு வைத்திருங்கள். பிரித்த கவரை வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது.

கடைசியாக, தேன். போன வாரம் அக்கா மறுபடி போன் செய்தாள். கொல்லிமலைப் பக்கமிருந்து ஒருவர் தெருவில் பாட்டில் தேன் கொண்டுவந்திருக்கிறார், முக்கால் லிட்டர் பாட்டில் 500 ரூபாய். கடையில் ஒரு கிலோ 500 ரூபாய். "இதுக்கும் பத்துல ஒண்ணு கூட்டணுமாடா?"

தேனுக்குக் கணக்கு தலைகீழ். அது தண்ணீரைவிட மிகவும் கனம், லிட்டர் 1.4 கிலோ. முக்கால் லிட்டர் என்றால் 1 கிலோ 50 கிராம், பாட்டில்காரர்தான் மலிவு. ஆனால் அக்கா, அந்தப் பாட்டிலைத் தராசில் வைத்துவிட்டு வாங்கு என்றேன். காலிப் பாட்டிலின் எடை போக ஒரு கிலோவுக்கு நன்றாகக் குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் எடையில் தெரியாது, அதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

"காலிப் பாட்டிலுக்கு எங்கடா போவேன்?" என்றாள். வீட்டிலேயே அதே மாதிரி ஒன்று இருக்கிறது, போன தீபாவளிக்கு அத்தான் நண்பர்கள் விட்டுப்போனது, பரண் மேல் பார் என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. அப்புறம் போனை வைத்துவிட்டாள்.